டிக் எப்படி எழுந்தது, ஏன் விழுந்தது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏதாவது ஓர் இணையத்தளம் தன் பயனர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும்போதெல்லாம் "இதுவும் இன்னொரு டிக் ஆகப்போகிறது" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். உடனே பக்கத்தில் இருக்கும் இளைஞர் "டிக்கா, அது என்ன?" என்கிறார். விளக்கத் தொடங்கினால் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஆள்தான் மாறுகிறாரே தவிர, கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

டிக் என்பது என்ன? எனக்கு ரெடிட் மட்டும்தான் தெரியும்.

ரெடிட் தெரியும் என்றால் பாதி வேலை முடிந்தது. இணையத்தில் எங்கோ கண்ட செய்தியின் இணைப்பை ஒருவர் கொண்டுவந்து போடுவார். பிடித்தவர்கள் வாக்களிப்பார்கள். போதுமான வாக்கு சேர்ந்தால் அது முன்பக்கத்துக்கு ஏறும். டிக் சொந்தமாகச் செய்தி எழுதியதில்லை. சான் பிரான்சிஸ்கோவில் இயங்கிய அந்தத் தளம் 2004 டிசம்பரில் திறக்கப்பட்டது. ரெடிட் பிறந்தது 2005 ஜூனில். ஆக, டிக்தான் மூத்தது.

இரண்டுக்கும் முன்னோடி ஸ்லாஷ்டாட். 1997 முதல் இருந்தது. வாசகர்கள் அனுப்பும் இணைப்புகளில் எது வெளிவர வேண்டும் என்பதை அங்கே ஆசிரியர்கள் முடிவு செய்தார்கள். டிக் அந்த ஆசிரியர் நாற்காலியைத் தூக்கிவிட்டு, வாசகர் கையில் பொத்தானைக் கொடுத்தது. புதுமை அவ்வளவுதான். ஆனால் அதுவே போதுமானதாக இருந்தது.

கெவின் ரோஸ் தனியாளாகத் தொடங்கியதுதானே?

முகம் அவருடையது, உழைப்பு பலருடையது. ரோஸ் தொலைக்காட்சியில் கணினி நிகழ்ச்சி ஒன்றைத் தொகுத்து வழங்கியவர். தன் சேமிப்பிலிருந்து சுமார் 6,000 டாலர் போட்டு, கனடாவைச் சேர்ந்த ஓவன் பைர்ன் என்ற நிரலாளரை மணிக்கு 12 டாலர் கூலிக்கு அமர்த்தி முதல் வடிவத்தை எழுதவைத்தார். ரான் கோரோடெட்ஸ்கியும் ஜே அடெல்சனும் மற்ற இரண்டு நிறுவனர்கள். அடெல்சன் தலைமைச் செயல் அதிகாரியாக நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார்.

தொலைக்காட்சி முகம் என்பது சாதாரண முதலீடு அல்ல. 2005 முதல் ரோஸும் அலெக்ஸ் ஆல்பிரெக்டும் 'டிக்நேஷன்' என்ற வாராந்தர இணையக் காணொளியை நடத்தினார்கள். இரண்டு பேர் சோபாவில் உட்கார்ந்து, கையில் பீர் பாட்டிலோடு, அந்த வாரம் டிக்கில் மேலே வந்த செய்திகளைப் பேசுவார்கள். நிகழ்ச்சி அவ்வளவுதான். தான் போட்ட இணைப்பை ரோஸ் வாய்விட்டு வாசிப்பாரா என்று காத்திருந்தவர்கள் ஏராளம். விளம்பரத்துக்குச் செலவழிக்காமல் டிக் வளர்ந்ததற்கு இது முக்கியக் காரணம்.

சொந்தச் செய்தி இல்லாத இடத்துக்கு மக்கள் ஏன் வந்தார்கள்?

வேகத்துக்காக வந்தார்கள். 2005-இல் ட்விட்டர் இல்லை. ஃபேஸ்புக் மாணவர்களின் வட்டத்தைத் தாண்டவில்லை. தொழில்நுட்ப உலகில் காலையில் என்ன நடந்தது என்று மதியத்துக்குள் தெரிய வேண்டுமானால் டிக்கின் முன்பக்கம்தான் கதி. 2006 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்பில் தொழில்நுட்பத்தைத் தாண்டி மற்ற துறைகளுக்கும் கதவைத் திறந்தார்கள்.

செய்தித் தளங்கள் வந்தது வேறு காரணத்துக்காக. டிக்கின் முன்பக்கத்தில் ஓர் இணைப்பு ஏறினால், அது சுட்டும் சிறிய தளத்தின் சர்வர் சில நிமிடங்களில் மூச்சுத்திணறிப் படுத்துவிடும். இதற்கு 'டிக் விளைவு' என்றே பெயர். ஒருபக்கம் புலம்பிக்கொண்டே, மறுபக்கம் ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் டிக் பொத்தானைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

ஓர் இணைப்பு முன்பக்கம் போக எத்தனை வாக்கு வேண்டும்?

நிலையான எண் எதுவும் கிடையாது. புதிதாகப் போடப்பட்டவை முதலில் 'வரவிருப்பவை' வரிசையில் நிற்கும். அங்கே எவ்வளவு வேகமாக வாக்கு விழுகிறது, போடுகிறவர்கள் எப்போதும் ஒன்றாகவே வாக்களிக்கும் கூட்டமா, தொடர்பில்லாத பலதரப்பட்டவர்களா என்பதையெல்லாம் அல்காரிதம் பார்க்கும். விவரங்களை நிறுவனம் முழுதாக வெளியிடவே இல்லை. வெளியிட்டால் மறுநாளே அதை ஏமாற்ற வழி கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானதுதான்.

வாக்குப் பொத்தானுக்கு எதிரே 'புதை' பொத்தான் ஒன்று இருந்தது. குப்பை, பழைய செய்தி, பொய்ச் செய்தி என்று பயனர்கள் கருதுவதைக் கீழே தள்ளுவதற்கு. வாக்களித்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். புதைத்தவர் யார் என்று தெரியாது. பிற்காலச் சண்டைகளில் பாதி இந்த இருட்டில்தான் முளைத்தன. 2010 ஆகஸ்டில்கூட, அரசியல் சார்புள்ள ஒரு குழு தனக்குள் பேசிவைத்துக்கொண்டு எதிர்த்தரப்புச் செய்திகளைப் புதைத்துவருகிறது என்ற குற்றச்சாட்டு பெரிதாக வெடித்தது.

'18 மாதத்தில் 6 கோடி டாலர் சம்பாதித்த பையன்' என்று பத்திரிகை அட்டையில் வந்ததாமே, உண்மையா?

அட்டை உண்மை, சம்பாத்தியம் காகிதத்தில். 2006 ஆகஸ்டில் பிசினஸ்வீக் இதழ் ரோஸின் படத்தைப் போட்டு அந்தத் தலைப்பை வைத்தது. டிக்கின் மதிப்பு 20 கோடி டாலர் இருக்கும் என்று 'விவரம் அறிந்தவர்கள்' சொன்னதை எடுத்துக்கொண்டு, அதில் ரோஸின் பங்கு எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்த கணக்கு அது. யாரும் அந்த விலைக்கு வாங்கவும் இல்லை, ரோஸ் கையில் அந்தப் பணம் வரவும் இல்லை.

இந்த 20 கோடி என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே கூகுள் பற்றிய கேள்வியில் மறுபடியும் வரும்.

ஏதோ ஓர் எண்ணை வெளியிட்டதற்காகக் கலவரம் நடந்தது என்கிறார்கள். ஓர் எண்ணுக்கு ஏன் சண்டை?

அது எச்டி டிவிடி என்ற உயர்தெளிவுத் திரைப்பட வட்டுகளின் பூட்டைத் திறக்க உதவும் மறைகுறிச் சாவி. 0 முதல் 9 வரையும் A முதல் F வரையும் உள்ள பதினாறு குறிகளால் எழுதும் கணினி எண்முறையில் 32 இலக்கங்கள். 2007-இல் அது இணையத்தில் கசிந்தது. டிக் பயனர்கள் அதை இணைப்பாகப் போட்டார்கள். பூட்டின் உரிமையாளர்களிடமிருந்து நீக்கச் சொல்லி எச்சரிக்கை வர, நிறுவனம் இணைப்புகளை அழித்தது, போட்டவர்களின் கணக்குகளையும் முடக்கியது. 2007 மே 1 அன்று பயனர்கள் பொங்கிவிட்டார்கள். அழிக்க அழிக்கப் போட்டார்கள். செய்தித் தலைப்பில், கருத்துரையில், படத்தில் என்று முன்பக்கம் முழுவதும் அந்த ஒரே எண்.

அன்றிரவு ரோஸ் பணிந்தார். பெரிய நிறுவனத்துக்கு டிக் அடங்கிப் போவதைவிடப் போராடி வீழ்வதையே நீங்கள் விரும்புகிறீர்கள், இனி அழிக்க மாட்டோம், விளைவு என்னவானாலும் பார்த்துக்கொள்வோம், தோற்றால் முயன்று மாண்டோம் என்றாவது இருக்கும் என்ற பொருளில் எழுதினார். தலைப்பிலேயே அந்த எண்ணையும் போட்டார். ஊடகங்கள் இதை வீரக்கதையாகக் கொண்டாடின. என் பார்வையில் அன்று நடந்த முக்கியமான விஷயம் வேறு. இந்தத் தளத்தை உண்மையில் இயக்குவது யார் என்பது பயனர்களுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து அதே ஆயுதத்தை மறுபடி எடுத்தபோது அவர்களுக்கு ஒத்திகை தேவைப்படவில்லை.

நூறு பேர்தான் முன்பக்கத்தை ஆண்டார்கள் என்பது மிகைப்படுத்தல்தானே?

பெரிய மிகை இல்லை. 2006-இல் எடுக்கப்பட்ட ஒரு கணக்கில், முன்பக்கச் செய்திகளில் பாதிக்கும் மேல் முதல் 100 பயனர்கள் கொண்டுவந்தவை என்று தெரிந்தது. இவர்கள் கூலி வாங்காமல் நாள் முழுவதும் செய்தி தேடியவர்கள். ஒருவர் போட்டதற்கு மற்றவர் வாக்களிப்பது எழுதாத ஒப்பந்தம். இதை மோசடி என்று சொல்வதா, உழைப்பு என்று சொல்வதா? இரண்டும்தான். நிறுவனத்தாலும் கடைசிவரை முடிவு செய்ய முடியவில்லை.

அந்த உழைப்பின் சந்தை விலை 2006-இலேயே தெரிந்துவிட்டது. நெட்ஸ்கேப் தளத்தை டிக் பாணியில் மாற்றியமைத்த ஜேசன் கலக்கானிஸ், டிக்கின் முன்னணிப் பயனர்களைத் தன் பக்கம் இழுக்க மாதம் 1,000 டாலர் சம்பளம் தருவதாக அறிவித்தார். சிலர் போனார்கள். டிக் எதிர்த்திசையில் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், கூட்டாக வாக்களிப்பதன் மதிப்பைக் குறைத்து அல்காரிதத்தை மாற்றியது. 2007 பிப்ரவரியில் முன்னணிப் பயனர் பட்டியலையே எடுத்துவிட்டது. நண்பர்களுக்கு இணைப்பை அனுப்பி வாக்குக் கேட்கும் வசதியை 2009-இல் நீக்கியது. ஒவ்வொரு முறையும் புதியவர்களுக்கு வழி விடுகிறோம் என்றார்கள். பழையவர்கள் அதைத் தங்களுக்கு விழுந்த அடியாகவே எண்ணிக்கொண்டார்கள்.

காசு கொடுத்து வாக்கு வாங்க முடிந்ததா?

முடிந்தது. அதற்கென்றே தரகு நிறுவனங்கள் இருந்தன. 2007-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒருவர் இதைச் சோதிக்க, வேண்டுமென்றே ஒன்றுக்கும் உதவாத ஒரு தளத்தை உருவாக்கினார். மக்கள் கூட்டமாக நிற்கும் படங்கள், அசட்டுத்தனமான வாசகங்கள், அவ்வளவுதான் உள்ளடக்கம். தரகரிடம் பணம் கட்டினார். வாக்குகள் விழத் தொடங்கின. வாக்குகள் விழுவதைப் பார்த்து, பணம் வாங்காத பயனர்களும் வாக்களித்தார்கள். கடைசியில் அது பிரபலமான இணைப்பாகவே ஏறிவிட்டது. பிறகு 'புதை' பொத்தானால் அடக்கமும் ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பலரும் திட்டிய அந்தப் பொத்தானுக்கு இப்படி ஒரு வேலையும் இருந்தது.

கூகுள் வாங்க வந்தபோது ரோஸ் மறுத்துவிட்டாராமே? எவ்வளவு பெரிய முட்டாள்தனம்!

கதை தலைகீழாகப் பரவியிருக்கிறது. 2008 கோடையில் கூகுளும் டிக்கும் சுமார் 20 கோடி டாலர் விலையில் பேசிக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. கணக்குகளையும் தொழில்நுட்பத்தையும் ஆராய்ந்து பார்த்தபின் விலகியது கூகுள்தான்.

பேச்சு முறிந்ததும் டிக் என்ன செய்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. செப்டம்பரில் 2.87 கோடி டாலர் புது முதலீடு வாங்கியது. 2005-இல் வாங்கியது 28 லட்சம், 2006 இறுதியில் 85 லட்சம். மொத்தம் சுமார் நான்கு கோடி. இவ்வளவு பணம் போட்டவர்கள் பல மடங்காகத் திரும்பி வரும் என்று எதிர்பார்ப்பார்கள். தொழில்நுட்ப ஆர்வலர்கள் கூடுகிற தளமாக மட்டும் இருந்தால் அந்தக் கணக்கு உதைக்கும். எல்லோருக்குமான தளமாக மாறியே ஆக வேண்டும். பின்னால் வந்த பல விபரீதங்களின் வேர் இந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

வருமானம் எங்கிருந்து வந்தது?

விளம்பரம்தான். 2007-இல் மைக்ரோசாஃப்டுடன் மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். 2009-இல் சொந்தமாக ஒரு முறை கொண்டுவந்தார்கள்: விளம்பரத்துக்கும் வாக்களிக்கலாம், பயனர்களுக்குப் பிடித்த விளம்பரத்துக்குக் கட்டணம் குறையும், பிடிக்காததற்கு ஏறும். அழகான யோசனை. ஆனால் உலகத்திலேயே முதலில் விளம்பரத் தடுப்பானை நிறுவுகிற கூட்டம்தான் டிக்கின் வாடிக்கையாளர் கூட்டமும்.

டிக்பார் என்று ஒன்று இருந்ததே, அதற்கு என்ன பிரச்சினை?

2009 ஏப்ரலில் வந்தது. டிக்கில் ஓர் இணைப்பைச் சொடுக்கினால், அந்தச் செய்தித் தளம் டிக்கின் சட்டகத்துக்குள் திறக்கும். முகவரிப் பட்டையில் டிக்கின் குறுமுகவரி நிற்கும். எங்கள் வாசகரை எங்கள் வீட்டுக்கே அனுப்பிவிட்டு வாசலில் உங்கள் பலகையை மாட்டுவதா என்று செய்தித் தளங்கள் கொதித்தன. ஓராண்டு கழித்து, 2010 ஏப்ரலில், இப்படிச் சட்டகம் போடுவது இணையத்துக்கே கெடுதல் என்று ரோஸே சொல்லி எடுத்துவிட்டார். அதே மாதம் அடெல்சன் பதவி விலகினார். ரோஸ் தற்காலிகத் தலைவரானார்.

நான்காம் பதிப்பில் அப்படி என்னதான் செய்துவிட்டார்கள்? வெறும் வடிவமைப்பு மாற்றம்தானே?

எல்லாரும் கேட்கிற கேள்வி இது. வடிவமைப்பு மாற்றம் என்று சொல்வது நடந்ததை மிகவும் குறைத்துச் சொல்வது. 2010 ஆகஸ்ட் 25 அன்று வந்த நான்காம் பதிப்பு, தளத்தின் அதிகாரத்தை இடம் மாற்றியது. அதுவரை ஒரு செய்தி டிக்குக்குள் வர வேண்டுமானால் யாராவது ஒரு பயனர் அதைக் கண்டெடுத்துப் போட வேண்டும். இனி செய்தி நிறுவனங்கள் தங்கள் ஆர்எஸ்எஸ் ஓடையை, அதாவது ஒரு தளத்தின் புதுக் கட்டுரைகளைத் தானாக அனுப்பிக்கொண்டிருக்கும் பட்டியலை, இணைத்துவிட்டால் போதும், கட்டுரைகள் தானாக வந்து விழும். உள்ளே நுழைந்ததும் தெரிவது எல்லோருக்கும் பொதுவான முன்பக்கம் அல்ல. 'என் செய்திகள்' என்ற பக்கம், ட்விட்டரைப் போல நீங்கள் பின்தொடர்பவர்கள் போட்டவை மட்டும். யாரைப் பின்தொடரலாம் என்ற பரிந்துரையிலும் பெரிய செய்தி நிறுவனங்களே முன்னால் நின்றன.

கூடவே பறிபோனவை: 'புதை' பொத்தான் போயிற்று. 'வரவிருப்பவை' வரிசை போயிற்று. பயனர்கள் ஆண்டுக்கணக்கில் சேமித்துவைத்த விருப்பப் பட்டியலும் போயிற்று. மேலே சொன்ன அந்த நூறு பேரை நினைத்துப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் இலவசமாக ஆசிரியர் வேலை பார்த்தவர்கள், ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் அந்த வேலையை ஓர் ஓடை செய்துகொண்டிருக்கிறது. முன்பக்கத்தில் திரும்பத் திரும்ப ஒரு சில பெரிய தளங்களின் பெயர்களே வந்தன.

வெளியாவதற்கு முன்பே ஒருவர் இதைச் சொன்னார். ரெடிட்டின் இணை நிறுவனர் அலெக்சிஸ் ஓஹானியன், முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு ரோஸுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். இதில் முதலீட்டாளர்களின் கைவரிசை வாடையடிக்கிறது, பிரபலமான தளங்களின் அம்சங்களைப் பொறுக்கி ஒட்டியிருக்கிறீர்கள், மக்களிடம் அதிகாரத்தைக் கொடுப்பது என்ற உங்கள் அடிப்படையையே கைவிட்டுவிட்டீர்கள் என்பது சாரம். போட்டியாளர் சொன்னதால் அதை எளிதாக ஒதுக்கிவிட முடிந்தது.

பிடிக்கவில்லை என்றால் பழைய பதிப்புக்கே திரும்பியிருக்கலாமே?

விரும்பியிருந்தாலும் முடியாது. பழைய தளத்தைத் தாங்கிக்கொண்டிருந்த சர்வர்களையே எடுத்துப் புதிய தளத்துக்குக் கொடுத்திருந்தார்கள். தரவுகளும் மைஎஸ்க்யூஎல் என்ற பழகிய தரவுத்தளத்திலிருந்து, அப்போது இன்னும் பக்குவப்படாத கசாண்ட்ரா என்ற தரவுத்தளத்துக்கு மாறியிருந்தன. ஏறிய ஏணியை எரித்துவிட்டுத்தான் ஏறியிருந்தார்கள்.

தளமும் சும்மா இருக்கவில்லை, விழுந்துகொண்டே இருந்தது. பழியெல்லாம் கசாண்ட்ராவின் தலையில் விழுந்தது. ஆனால் அங்கே பணியாற்றிய பொறியாளர் ஒருவர் பின்னாளில் எழுதியதைப் படித்தால் சிரிப்பும் பரிதாபமும் சேர்ந்தே வரும். பைத்தான் என்ற நிரல் மொழியில் ஒரு செயற்கூறுக்கு (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டுக்கு), வேறு எதுவும் தராதபோது எடுத்துக்கொள்ளும் இயல்பு மதிப்பாக வெற்றுப் பட்டியலைக் கொடுத்தால், ஒவ்வொரு முறையும் புதிய பட்டியல் உருவாகாது. ஒரே பட்டியலே எல்லா அழைப்புகளுக்கும் பொதுவாக இருக்கும். பயனர்களின் அடையாள எண்களை எடுக்கும் ஒரு வரியில் இந்தப் பிழை ஒளிந்திருந்தது. வருகிற ஒவ்வொருவரின் எண்ணும் அந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டே போக, ஒவ்வொரு கோரிக்கைக்கும் அத்தனை பேரின் தரவையும் சர்வர் இழுத்துக்கொண்டிருந்தது. காரணம் தெரியும்வரை, சில மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் நிறுத்தித் திரும்பத் தொடங்கியே தளத்தை உயிரோடு வைத்திருந்தார்கள். பைத்தான் பாடப் புத்தகங்கள் தொடக்கத்திலேயே எச்சரிக்கும் பிழை அது.

ஒரே நாளில் எல்லோரும் ரெடிட்டுக்குப் போய்விட்டார்கள் என்பது சரியா?

ஒரே நாளில் போகவில்லை. ஆனால் ஒரு நாள் கண்ணுக்குத் தெரிந்தது. 2010 ஆகஸ்ட் 30 அன்று, 2007-இல் பழகிய அதே உத்தியோடு, பயனர்கள் டிக்கின் முன்பக்கம் முழுவதையும் ரெடிட் இணைப்புகளால் நிரப்பினார்கள். வசதியாக, ஆர்எஸ்எஸ் ஓடையை இணைக்கும் புது வசதியே இதற்குக் கை கொடுத்தது. ரெடிட் தன் சின்னத்தில் இருக்கும் வேற்றுக்கிரக உருவத்தோடு டிக்கின் அடையாளமான மண்வெட்டியையும் வரைந்து அகதிகளை வரவேற்றது.

உண்மையான நகர்வு சில மாதங்களாக நடந்தது. ரெடிட்டின் மாதாந்தரப் பக்கப் பார்வைகள் 2010 ஜனவரியில் சுமார் 25 கோடி. 2011 ஜனவரியில் 100 கோடியைத் தாண்டின. இத்தனைக்கும் ரெடிட் அப்போது செழிப்பாக இல்லை. 2006-இல் அதை வாங்கிய கோண்டே நாஸ்ட் நிறுவனம் செலவுக்குக் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. 2010 ஜூலையில் ரெடிட் தன் பயனர்களிடமே சந்தா கேட்டுக் கையேந்தியது.

டிக் பக்கம், அமேசானிலிருந்து வந்த மேட் வில்லியம்ஸ் செப்டம்பரில் தலைமை ஏற்று, 'புதை' பொத்தான் உள்படப் பலவற்றைத் திரும்பக் கொண்டுவந்தார். அக்டோபரில் ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2011 மார்ச்சில் ரோஸும் வெளியேறினார். பொத்தான் திரும்பி வந்தது, அதை அழுத்த ஆள்தான் இல்லை.

அப்படியானால் ஃபேஸ்புக்கும் ட்விட்டரும்தான் கொன்றன என்று சொல்கிறவர்கள் தவறா?

பாதி சரி. செய்தித் தளங்களின் அடியில் டிக் பொத்தான் இருந்த இடத்தில், 2010 ஏப்ரல் முதல் ஃபேஸ்புக்கின் 'லைக்' பொத்தான் உட்காரத் தொடங்கியது. செய்தியைப் பரப்ப முன்பக்கம் தேவையில்லை, நண்பர்கள் போதும் என்றாயிற்று. நான்காம் பதிப்பே இந்தப் பயத்தில் பிறந்த குழந்தைதான்.

ஆனால் இந்த விளக்கம் ஓர் இடத்தில் முட்டுகிறது. அதே ஃபேஸ்புக், அதே ட்விட்டர் காலத்தில்தான் ரெடிட் நான்கு மடங்கு வளர்ந்தது. முன்பின் தெரியாதவர்கள் கூடி வாக்களித்துச் செய்தி பொறுக்கும் முறைக்குத் தேவை ஒழியவில்லை. ட்விட்டரைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ளாமல் இருந்திருந்தால் டிக்கும் அந்தத் தேவையிலேயே பிழைத்திருக்கலாம். நான்கு கோடி டாலர் போட்டவர்கள் அந்தச் சிறிய பிழைப்பை ஏற்றுக்கொண்டிருப்பார்களா என்பது வேறு விஷயம்.

20 கோடிக்குப் பேசப்பட்டது வெறும் 5 லட்சம் டாலருக்கா போயிற்று?

பெயர், தளம், நிரல் ஆகியவை மட்டும் அந்த விலைக்குப் போயின. 2012 ஜூலையில் டிக்கைத் துண்டு போட்டு விற்றார்கள். தளத்தை நியூயார்க்கின் பீட்டாவொர்க்ஸ் நிறுவனம் 5 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதற்கு முன்பே ஊழியர்களில் 15 பேர் வாஷிங்டன் போஸ்ட் குழுமத்துக்குப் போயிருந்தார்கள், அதற்கு 1.2 கோடி டாலர் என்று செய்தி வந்தது. காப்புரிமைகளை லிங்க்டுஇன் சுமார் 40 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டது. எல்லாம் சேர்த்தால் ஒன்றரைக் கோடிக்குச் சற்று மேல். முதலீட்டில் பாதிகூடத் தேறவில்லை.

விலைப்பட்டியலைக் கவனித்தீர்களா? 15 ஊழியர்களுக்குக் கொடுத்த விலையில் இருபத்துநான்கில் ஒரு பங்குதான் பயனர்கள் கட்டியெழுப்பிய அந்தத் தளத்துக்கு. பயனர்கள் போன பிறகு அதில் வாங்குவதற்கு வேறு ஒன்றும் மிச்சமில்லை.

ரெடிட்டிலும் கலகங்கள் நடந்தனவே, அது ஏன் விழவில்லை?

நடந்தன. 2015-இல் ஓர் ஊழியரின் நீக்கத்தை எதிர்த்தும், 2023 ஜூனில் ஏபிஐ கட்டணத்தை (வெளிச் செயலிகள் ரெடிட்டின் தரவை எடுப்பதற்கான கட்டணத்தை) எதிர்த்தும் ரெடிட்டுக்குள் இருக்கும் குழுக்கள் தங்களைத் தாங்களே மூடிக்கொண்டன. இரண்டாவது முறை ஆயிரக்கணக்கான குழுக்கள் இருண்டன. ஆனாலும் 2024 மார்ச்சில் ரெடிட் பங்குச் சந்தைக்கு வந்தது.

முதல் காரணம் அமைப்பு. டிக்கில் எல்லோரும் ஒரே முன்பக்கத்துக்காக அடித்துக்கொண்டார்கள். ரெடிட் 2008-லேயே யார் வேண்டுமானாலும் துணைக்குழு தொடங்கலாம் என்று விட்டுவிட்டது. பொதுப் பக்கம் குப்பையானாலும் ஒருவருடைய வானியல் குழுவோ பின்னல் குழுவோ அப்படியே இருக்கும். டிக்கில் முன்பக்கம் கெட்டால் போய் ஒதுங்க மூலை கிடையாது. இரண்டாவது காரணம் எளியது: டிக்கை விட்டவர்களுக்குத் திறந்த கதவோடு ரெடிட் காத்திருந்தது. ரெடிட்டை விட நினைத்தவர்களுக்கு அதே அளவில் ஓர் இடம் இல்லை.

இப்போது டிக் இருக்கிறதா?

பெயர் பல கைகள் மாறியது. பீட்டாவொர்க்ஸ் ஆறே வாரத்தில் தளத்தை முதலிலிருந்து எழுதி 2012 ஆகஸ்டில் வெளியிட்டது. இம்முறை ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கும் செய்திப் பக்கமாக. ஆக, 2004-இல் தூக்கிய நாற்காலி திரும்ப வந்துவிட்டது. கூகுள் ரீடர் மூடப்பட்ட 2013-இல் டிக் ரீடர் என்ற ஓடை வாசிப்பானைக் கொண்டுவந்தார்கள். நன்றாகவே இருந்தது, 2018-இல் மூடினார்கள். அதே ஆண்டு ஒரு விளம்பர நிறுவனம் டிக்கை வாங்கியது.

2025 மார்ச்சில் ரோஸ் அதைத் திரும்ப வாங்கினார். கூட்டாளி யார் தெரியுமா? அந்தத் திறந்த மடல் எழுதிய ஓஹானியன். குழுக்களை நிர்வகிப்பவர்களின் துப்புரவு வேலையைச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைத்து, மனிதர்களைப் பேசவிடப்போவதாக இருவரும் அறிவித்தார்கள். 2007-இல் காசு வாங்கிக்கொண்டு வாக்குப் போட ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த வேலையை இன்று ஒரு நிரல் ஓசியில் செய்யும். வாக்கை நம்பிப் பிறந்த தளத்துக்கு முன்பைவிடக் கடினமான காலம் இது.